மடை திறந்தவர்களும் துறை மறுக்கப்பட்டவர்களும்

'தன்னார்வலர்' என்கிற சொல் இப்போது எங்கும் அடிபடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியில் இறங்கி ஆகாயத்தாமரை அள்ளுகிறார்கள். கரையில் பனைவிதை ஊன்றுகிறார்கள். கரையைச் சுற்றி நடைபாதை போடச் சொல்லி மனு கொடுக்கிறார்கள். பத்திரிகையில் படம் வருகிறது. நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே ஒரு வரலாறு எழுதுகிறார்களே, அதுதான் நமக்கு இடிக்கிறது. 'நம் முன்னோர்கள் ஏரிகளைத் தெய்வமாகப் போற்றிக் காத்தார்கள், நாம்தான் கைவிட்டோம்' என்று எழுதுகிறார்கள். எந்த முன்னோர்? யாருடைய முன்னோர்? மடையைத் திறந்தது யார் கை? மழை ராத்திரியில் கரையில் கிடந்தது யார் உடம்பு? அந்த உடம்புக்கு அந்தத் தண்ணீரில் என்ன பங்கு இருந்தது?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நாட்டில் நீரையும் திடலையும் பராமரித்த உழைப்பில் பெரும்பங்கு நம்முடையது. குடிக்க, குளிக்க, நீந்த, விளையாட இருந்த உரிமை நம்முடையதாக இல்லை. ஆகவே சூழலைக் காக்கும் எந்த முயற்சியையும் 'எதைச் சுத்தம் செய்தீர்கள்' என்று மட்டும் கேட்டு அளந்துவிட முடியாது. 'யாரை உள்ளே விட்டீர்கள்' என்றும் கேட்டாக வேண்டும்.

நீர்க்கட்டி

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு. வடக்கே ஏரி என்பார்கள், எங்க பக்கம் கண்மாய். கண்மாய் என்பது தண்ணீர் தேங்கிய வெறும் பள்ளம் இல்லை. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வரும். கரை அதைத் தாங்கும். மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். இதில் எந்த இடத்தில் பழுது வந்தாலும் அத்தனையும் வீண். ஆகவே தினமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நீர்க்கட்டி, நீராணி, நீர்பாய்ச்சி, மடையன் என்று அந்த ஆளுக்கு ஊருக்கு ஒரு பெயர். பல ஊர்களில் இது சேரிக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வேலை. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதை மனக்கணக்காக வைத்திருந்தவன் அவன்தான். அவனுக்குச் சொந்தமாக வயல் இருக்காது. வயல் இல்லாதவன் பாரபட்சம் பார்க்காமல் தண்ணீர் பாய்ச்சுவான் என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்லி வைத்திருந்தார்கள். நிலமில்லாமல் ஆக்கிவிட்டு, அதையே நேர்மைக்கு அத்தாட்சியாகக் காட்டிய தந்திரத்தை என்னவென்று சொல்வது!

எங்க தாத்தா இந்த வேலை பார்த்தவர். அவர் சொல்லுவாரு: "மழ இருட்டிக்கிட்டு வந்தா ஊர்க்காரன் கதவச் சாத்துவான். நாம கதவத் தொறந்துக்கிட்டு வெளிய போகணும். கரையில காத வச்சுக் கேக்கணும்டா. நண்டு வளையில தண்ணி போற சத்தம் தனியாக் கேக்கும். அதக் கேட்டு அடைச்சாத்தான் ஊரு பொழைக்கும்." மண்கரை உடைவது பல நேரம் இப்படித்தான். நண்டு வளையும் எலிப் பொந்தும் உள்ளுக்குள் பெரிதாகி, திடீரென்று கரை வாய் பிளக்கும். அதைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கிற அறிவை எந்தப் பொறியியல் புத்தகத்தில் சேர்த்தார்கள்?

பழைய கண்மாய்களில் குமிழித்தூம்பு என்று ஒரு அமைப்பு உண்டு. கரைக்கு உள்ளே, நீருக்குள் நிற்கிற கல்தூம்பு அது. அடைப்புக் கல்லைத் தூக்க ஒரு ஆள் நீருக்குள் மூழ்க வேண்டும். நிறைந்த கண்மாயில், கலங்கிய தண்ணீரில் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவது உயிரைக் கொடுக்கிற வேலை. சில ஊர்களில் கண்மாய்க் கரையில் சின்னஞ்சிறு சாமிகள் நிற்கும். கரை நிற்பதற்காகப் பலி கொடுக்கப்பட்ட ஆள் என்று அவற்றுக்குக் கதை சொல்வார்கள். அந்தக் கதைகளில் பலியானவன் எந்தத் தெருக்காரன் என்று விசாரித்துப் பாருங்கள்.

இதற்குக் கூலி என்ன? அறுவடையில், களத்துமேட்டில், ஊர்ப்பணியாளருக்கென்று ஒதுக்கிய நெல். அந்தப் பங்குக்குப் பழைய ஊர்க்கணக்குகளில் 'சுதந்திரம்' என்று பெயர். மடையைக் காத்தவனுக்குக் கிடைத்த ஒரே சுதந்திரம் அந்த மரக்கால் நெல்தான்.

சரி, குடிதண்ணீர்? அது ஊருணியில் இருந்தது. ஊருணியில் நமக்கு இடமில்லை. எங்க அப்பத்தா குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு வெளியே நிற்குமாம். யாராவது மனசு வந்து மொண்டு ஊற்றினால் உண்டு. "ஒரு கொடம் தண்ணிக்கு ஒரு பொழுது போயிரும்" என்று சொல்லும். கண்மாயிலும் குளிக்கிற துறை தனித்தனி. படித்துறை ஊருக்கு, மாடு குளிப்பாட்டுகிற மூலை நமக்கு. நீருக்குள் மூழ்கிக் கல்லைத் தூக்குகிற உடம்பால் அந்த நீர் தீட்டாகாது. அதே உடம்பு வெயிலுக்குக் குளித்தால் தீட்டாகிவிடும். வேலைக்கு இறங்கலாம், சந்தோஷத்துக்கு இறங்கக்கூடாது. சாதியின் சூழலியல் இதுதான்.

'உழைக்கும் வகுப்பார்' என்றது சட்டம்

ஊர்கூடிக் கண்மாய் பராமரித்ததைக் குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2017இல் அந்தப் பெயரிலேயே ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பெயருக்குள் ஒரு பழைய வலி இருக்கிறது. 1858இல் வெள்ளையர் அரசு 'சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்' என்று ஒன்று போட்டது. கரை உடையும் ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்தில் இருக்கும் 'உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த' உடல்வலு உள்ள ஆண்கள் எல்லோரையும் வேலைக்கு இழுக்கலாம் என்றது அந்தச் சட்டம். வழக்கப்படி கூட்டுவேலைக்கு வரவேண்டியவர் வராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

கவனிக்க வேண்டும் தோழர்களே. கரை உடைந்தால் முதலில் நட்டம் யாருக்கு? நிலம் வைத்திருந்தவனுக்கு. சட்டம் கைநீட்டியது யாரை நோக்கி? உழைக்கும் வகுப்பை நோக்கி. கிராமத்தில் 'உழைக்கும் வகுப்பு' என்றால் யார் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன்தான் இதைத் தொடங்கினான் என்று தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே 'வெட்டி' என்கிற சொல் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்து வருகிறது. 'வெட்டிவேலை' என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அந்த வெட்டி. அரசன் மாறினான், கொடி மாறியது, மண்வெட்டி பிடித்த கை மாறவில்லை. 'முன்னோர் காத்த ஏரி' என்னும் வாசகத்தில் இந்த வெட்டி மறைந்துபோகிறது. கட்டாயத்தில் செய்தவனையும் ஆர்வத்தில் செய்தவனையும் ஒரே வரியில் நிறுத்தினால் அது வரலாறு ஆகாது.

குளத்தில் இறங்கியவர்கள்

பராமரிக்கிறவனுக்கு அனுபவிக்கும் உரிமை உண்டு என்பதை முதலில் அரசியலாக்கியவர்கள் நம்மவர்களே. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக்குளம், பொதுவிடம் எதிலும் எந்த வகுப்பாரும் நுழையத் தடை இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. காகிதம் நிறைவேறியதே தவிர ஊருணி திறக்கவில்லை.

பம்பாய் மாகாணத்திலும் இதே கதைதான். 1923இல் போலே கொண்டுவந்த தீர்மானம் அங்கே சட்டமன்றத்தில் நிறைவேறியது. கொங்கணத்தில் உள்ள மகாத் நகராட்சி 1924இல் தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. ஆனால் ஒரு தீண்டப்படாதவரும் அதில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் மாநாட்டுப் பந்தலிலிருந்து வரிசையாக நடந்துபோய் அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பினார்கள். ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததைத்தான் சூழல் பற்றிப் பேசுகிறவர்கள் பாடமாக வைக்க வேண்டும். குளம் அசுத்தமாகிவிட்டது என்று சொல்லிச் 'சுத்தம்' செய்தார்கள். எப்படி? 108 குடம் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றி, சாணம், மூத்திரம், பால், தயிர் கலந்த குடங்களைக் குளத்துக்குள் இறக்கி, பார்ப்பனர் மந்திரம் ஓதினார்கள். குடிக்கிற தண்ணீரில் சாணத்தையும் மூத்திரத்தையும் கலப்பது சுத்தம். தாகத்துக்கு ஒரு மனிதன் கையால் அள்ளுவது அசுத்தம். இந்த நாட்டில் 'சுத்தம்' என்கிற சொல்லைக் கேட்டதும் நமக்குச் சந்தேகம் வருகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நகராட்சி பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் குளத்தில் குடித்தால்தான் உயிர் தரிக்கும் என்பதற்காக அல்ல, நாமும் மனிதர் என்று நிலைநாட்டவே வந்தோம் என்பதை அம்பேத்கர் மகாதில் தெளிவாகவே எடுத்துவைத்தார். அங்கே வந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். யாரும் கட்டாயப்படுத்தி வரவில்லை. தன் ஆர்வத்தால் வந்தவர்கள். 'தன்னார்வலர்' வரலாறு எழுதுகிறவர்கள் முதல் அத்தியாயத்தை அங்கேயிருந்து தொடங்கட்டும்.

மைதானத்தை உருட்டியவர்

குளத்தில் நடந்ததே விளையாட்டுத் திடலிலும் நடந்தது. பல்வங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர். 1876இல் தார்வாரில் பிறந்தவர், சமார் சாதி. பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்கி உருட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 3 ரூபாய் சம்பளம். பிறகு ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவில் 4 ரூபாய்க்கு அதே வேலை. வெள்ளைக்காரர்கள் மட்டை பிடித்துப் பழக அவர் பந்து வீசினார். மட்டை பிடிக்க அவருக்குப் பெரும்பாலும் வாய்ப்புத் தரவில்லை. பிறகு பூனா இந்துக்கள் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜெயிக்க வேண்டுமே! களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண்குவளையில். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார். ஆனாலும் இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல் அந்தத் தலைமையைப் பெற 1923 வரை ஆனது.

பிற்காலத்தில் பாலு காங்கிரஸ் பக்கம் நின்று, 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். அரசியலில் நமக்கு அவரோடு வேறுபாடு உண்டு. அதற்காக, திடலை உருட்டியவனுக்குக் குவளை தனி என்பதை வரலாற்றிலிருந்து விட்டுவிட முடியாது. கண்மாயில் மடை, மைதானத்தில் உருளை. இரண்டு இடத்திலும் பராமரிப்பு நமக்கு, பொழுதுபோக்கு அவர்களுக்கு.

அரசியல் சட்டம் எழுதும்போது இது மறக்கப்படவில்லை. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, மக்கள் கூடும் பொதுவிடம், கேளிக்கை இடம் எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. குடிதண்ணீரோடு நிறுத்திக்கொள்ளாமல் குளிக்கும் துறையையும் கேளிக்கை இடத்தையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். உயிர் வாழ்வது மட்டும் உரிமை அல்ல, சந்தோஷமாக இருப்பதும் உரிமை என்று இதற்குப் பொருள்.

நம்ம குட்டை, நம்ம களம்

அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் வந்தபோது சேரிதோறும் அவர் பெயரில் மன்றங்கள் முளைத்தன. எங்க சேரியிலும் இருபது இளைஞர்கள் சேர்ந்து மன்றம் வைத்தோம். பெயர்ப்பலகை எழுதியாயிற்று, அடுத்து என்ன செய்வது? சேரிக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. ஊரின் சாக்கடை முழுக்க அதில்தான் வந்து விழும். கொசுவும் நாற்றமும் சொல்லி முடியாது. பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு. சாக்கடையைத் திருப்பிவிட்டுக் குட்டையைத் தூர்வாருவது என்று முடிவு செய்தோம். பகலெல்லாம் கூலிவேலை, சாயங்காலம் குட்டை. பெண்களும் இறங்கினார்கள். இரண்டு மாதம் ஆனது. அள்ளிய மண்ணைப் பக்கத்துப் புறம்போக்கில் பரப்பி மேடுபள்ளம் நிரவி, கபடிக் களம் ஆக்கினோம். மழை பெய்தது. குட்டையில் தெளிந்த தண்ணீர் நின்றது. பொடிசுகள் அதில் குதித்த அன்று சேரியே கரையில் நின்று பார்த்தது. துறை எது, மூலை எது என்று கேட்க யாரும் இல்லாத தண்ணீரை எங்க தெரு அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்தது.

அப்பத்தா அன்றைக்குச் சொன்னது: "நாங்க அள்ளாத சேறாடா? அன்னிக்கு அடுத்தவன் கம்மாயில அள்ளுனோம். இன்னிக்கு நம்ம குட்டையில அள்ளுறோம். கை வலிக்கவே இல்ல." வெட்டிக்கும் தன்னார்வத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் களம் உறுத்தியது. பையன்கள் சாயங்காலம் கூடுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், அம்பேத்கர் படம் வைக்கிறார்கள். புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று புகார் போனது. அளக்க ஆள் வந்தது. சங்கிலி எங்க களத்தின்மேல் மட்டும்தான் விழுந்தது. அதே புல எண்ணில் ஊர்க்காரர்களின் களத்துமேடும் வைக்கோல்படப்பும் இருந்தன, அதை அளக்கவில்லை. "அதையும் அளந்துட்டு வாங்க" என்று பெண்கள் களத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். அளக்க வந்தவர்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். களம் நின்றது.

பெரிய வெற்றி என்று இதைச் சொல்லவில்லை. சாக்கடையை மறுபடி எங்கள் பக்கம் திருப்ப முயற்சி நடந்துகொண்டேதான் இருந்தது. இப்படிப்பட்ட மன்றங்கள் எத்தனையோ குட்டைகளைத் தூர்வாரின, எத்தனையோ களங்களை நிரவின. பத்திரிகையில் படம் வரவில்லை. பல இடங்களில் முதல் தகவல் அறிக்கைதான் வந்தது.

ஏலமும் நஞ்சும்

கண்மாயைக் காப்பது என்பதற்குள் அதிகாரம் பற்றிய கேள்வி ஒளிந்திருக்கிறது. கண்மாய் மீன், கரைமரம் போன்ற பொதுச்சொத்தை ஏலம் விடுவது யார்? அந்தப் பணம் எங்கே போகிறது? 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிகள் நமக்கு ஒதுக்கப்பட்டபோது எழுந்த வெறியின் பின்னால் சாதித் திமிரோடு இந்தப் பொதுச்சொத்தும் இருந்தது. மேலூர் வட்டம் மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 2006 வரை ஒரு தலித் தலைவரை நிலையாக உட்கார விடவில்லை. கண்மாயில் வேலை செய்யலாம், கண்மாய்க்குக் கணக்கு எழுதக்கூடாது.

நீரைத் தண்டனையாகப் பயன்படுத்துவதும் நமக்குப் பழக்கமானதே. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது, ஊர்க் கிணற்றில் நஞ்சைக் கலந்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையை மாசுபடுத்துவதை ஒரு வன்கொடுமை என்றே எழுதியிருக்கிறது. நீர் மாசும் சாதியும் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கண்டு சொன்ன சட்டம் அது. சூழல் பற்றிய கூட்டங்களில் இந்தச் சட்டத்தின் பெயரை நான் கேட்டதில்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. ஈராண்டுக்கும் மேல் விசாரித்து 2025 ஜனவரியில் போலீஸ் கொடுத்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட அதே மக்களில் மூவரைக் குற்றவாளிகள் என்றது. அந்த மக்களும் தலித் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. மகாத் குளத்திலிருந்து வேங்கைவயல் தொட்டி வரை 95 ஆண்டுகள்.

நகரத்தில் யார் ஆக்கிரமிப்பாளர்

நகரத்துக்கு வந்தால் கதை வேறு உடை போட்டுக்கொள்கிறது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியவர்கள் 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்த கூலிகள். நூறாண்டு கழித்து அதே கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்த ஏழைகளுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர். அவர்களில் பெரும்பாலோர் யார் என்பது தெரிந்ததே. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஏரி காக்கப்பட வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் புல்டோசர் எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

2000 முதல் கண்ணகி நகர், அதற்குப் பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆற்றங்கரை மக்களை நகரத்தின் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 'வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்ற' என்றார்கள். கொண்டுபோன இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதைச் சார்ந்த தாழ்நிலமும். மழைக்குத் தண்ணீர் நிற்கிற பூமி. அந்தச் சதுப்பில் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது, தகவல்தொழில்நுட்பச் சாலையின் கட்டடங்கள் எழுந்தன. 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளுக்குப் பாதுகாப்பு வந்ததில் நமக்கு மகிழ்ச்சி. ஆற்றைக் காப்பதற்கென்று சொல்லி மனிதர்களைச் சதுப்பில் குடியேற்றினார்களே, அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

அதே கண்ணகி நகரில் பெண்பிள்ளைகள் கிடைத்த திடலில் கபடி ஆடினார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். நகரம் தூக்கி எறிந்த இடத்திலிருந்து ஒரு தங்கம். ஊரே கொண்டாடியது. கொண்டாடியவர்கள் அந்த நகரில் இன்னும் எத்தனை திடல் வேண்டும் என்று கேட்டார்களா? ஏரிக்கரையில் நடைபாதையும் வேலியும் நுழைவுக் கட்டணமும் வரும்போது, வேலிக்கு வெளியே நிற்பது யாருடைய பிள்ளைகள்?

ஆகவே நாம் சேறு அள்ள மாட்டோம் என்று சொல்லவில்லை. அந்த வேலையை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதுமில்லை. ஏரி காக்கப் புறப்படுகிற எந்தச் சங்கத்திடமும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. இந்தக் கரையை முன்பு காத்தவர்களின் பெயரை உங்கள் வரலாற்றில் எழுதியிருக்கிறீர்களா? இந்த நீர்நிலையின் வருமானத்திலும் நிர்வாகத்திலும் சேரிக்கு என்ன பங்கு? வேலை முடிந்த பிறகு இந்தத் துறையில் எங்கள் பிள்ளைகள் குதிக்கலாமா, இந்தத் திடலில் எங்கள் பெண்கள் ஆடலாமா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் நாமும் மண்வெட்டியோடு வருவோம். இல்லையென்றால், பெயர் எத்தனை அழகாக இருந்தாலும், அது பழைய வெட்டிதான்.